கட்டுப் பிரிக்கும் நாள் வரை

மூக்கின் வடிவத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சையை யாரிடம் செய்துகொள்ளலாம், மருத்துவரின் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் ஏன் பார்க்க வேண்டும் என்று சென்ற வாரம் பேசினோம். இந்த வாரம் அதற்கு அடுத்த நாள்களுக்கு வருவோம். அறுவை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று மாலையோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூக்கின் மேல் வைத்த கட்டைப் பிரிக்க ஏறக்குறைய ஒரு வாரமும், கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன நிறம் மறைய இரண்டு வாரமும் ஆகும். உள்வீக்கம் முழுதாக வடிந்து மூக்கு தன் வடிவத்துக்கு வர ஓராண்டு பிடிக்கும். மருத்துவமனையில் கழிவது ஒரு நாள், மற்றதெல்லாம் வீட்டில். மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர் மாதிரி ஊரில் இருப்பவருக்கு அறுவை நடப்பது ஈப்போவிலோ கோலாலம்பூரிலோதான், ஆறுவது அம்மா வீட்டில். ஈப்போவுக்குக் காரில் ஒரு மணி நேரம், கோலாலம்பூருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இந்தத் தூரத்தையாவது சமாளித்துவிடலாம். அழகுக்காகச் செய்துகொண்டது என்ற கூச்சத்தில் அறுவையையே மறைத்துவிடும் வழக்கத்தைத்தான் சமாளிக்க முடிவதில்லை. விபத்து என்று அண்டை வீட்டுக்கு ஒரு கதை, சைனஸ் என்று அலுவலகத்துக்கு ஒரு கதை, பக்கத்து கிளினிக்குக்கு எதுவுமே இல்லை. வீட்டில் ஆறும் காலத்தில் மற்ற எல்லா ஆபத்தையும் பெரிதாக்குவது இந்த மறைப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மூக்கைச் சரிசெய்யும் கலை இந்தியாவில் பிறந்தது. அதன் பழைய குறிப்புகள் பின்பராமரிப்பை அறுவையின் பகுதியாகவே சொல்கின்றன. போரில் மூக்கை இழந்தவர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர்ப் படை மதுரை நாயக்கர் நாட்டுக்குள் புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்ததும், ராமநாதபுரம் சேதுபதியின் துணையோடு மதுரை திருப்பியடித்ததும் மூக்கறுப்புப் போர் என்ற பெயரோடு நம் வரலாற்றில் நிற்கின்றன. அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே செங்கல் செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒரு வைத்தியர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். இதை 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மன்ஸ் மேகசின் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்துத்தான் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ பிறகு லண்டனில் இதே முறையைச் செய்துகாட்டினார். அந்தச் சிறு குறிப்பில் கத்தி வேலைக்குப் பின் வரும் வரிகளைப் பாருங்கள். காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு ஒட்டுகிறார்கள். நான்கு நாள் அதைத் தொடுவதில்லை. பிறகு அதை எடுத்துவிட்டு நெய்யில் தோய்த்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துளைகள் அடைபடாமலிருக்க மெல்லிய துணி வைக்கிறார்கள். நெற்றியோடு இணைக்கும் தோல்பட்டையைத் துண்டிப்பது இருபத்தைந்தாம் நாள் வாக்கில். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைத் தெரிந்த ஒரு கண் அருகில் இருந்தாக வேண்டும்.

இன்றைய கட்டு வேறு, மருந்து வேறு. அருகில் ஒரு கண் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. முதல் மூன்று நாளில் முகம் வீங்கி, கண் இமைகள் கனத்து, வாயால் மூச்சு விட்டு நாக்கு வறண்டிருக்கும். மூக்குக்கு அடியில் ஒட்டிய பஞ்சுத்துணியில் இளஞ்சிவப்பாக நீர் ஊறும். நனைந்ததும் மாற்ற வேண்டும். தலையை இரண்டு மூன்று தலையணை வைத்து உயர்த்தியே தூங்க வேண்டும். ஐஸ் வைத்தால் கன்னத்தில் வைக்கலாம், மூக்கின் மேல் கூடாது. மூக்கு சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து உப்புநீர் ஸ்பிரே அடித்தால் உள்ளே காய்ந்த பொருக்கு இளகும். ஆஸ்பிரின் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுக்கும் என்பதால் வலிக்கு அவர் எழுதித் தந்த மாத்திரையை மட்டுமே போட வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் பல வாரத்துக்கு அதன் பாரத்தை மூக்குத்தண்டில் இறக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் முகத்தை மூடும் ஹெல்மெட்டை மறந்துவிட வேண்டியதுதான். இவை எதுவுமே கடினமானதில்லை. ஆனால் வீங்கிய கண்ணோடு படுத்திருப்பவர் தனியாகச் செய்துகொள்ளக்கூடியவையும் இல்லை.

ஒரே ஒரு சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை காத்திருக்கும், இது காத்திருக்காது. மூக்கின் இரு துளைகளுக்கும் நடுவே நிற்கும் சுவர் குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுதான் அதற்கு உணவூட்டுகிறது. அறுவையின்போது அந்தச் சவ்வைப் பிரித்து எடுத்து மறுபடி ஒட்டவைக்கிறார்கள். இடையில் ரத்தம் கசிந்து தேங்கினால் சவ்வு விலகி நிற்கும், குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். கிருமியும் சேர்ந்துகொண்டால் சில நாளிலேயே அது அழிந்து, பின்னர் மூக்குத்தண்டு நடுவில் அமுங்கிப்போகும். வெளியே கட்டு அழகாக ஒட்டியிருக்க, உள்ளே இது நடந்துகொண்டிருக்கும். அடையாளம் என்ன? குறைந்துவந்த வலி மறுபடி ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஒருசேர அடைத்துக்கொள்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் நடுச்சுவரிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு புடைப்பு தெரியும். காய்ச்சலும் வரலாம். உடனே கீறி ரத்தத்தை வெளியேற்றினால் மூக்கைக் காப்பாற்றலாம். கோலாலம்பூர் மருத்துவரைப் பார்க்கும் நாள் வரும் வியாழன்தானே என்று இருந்தால் முடியாது. நிற்காத ரத்தப்போக்கு, ஒரு துளையிலிருந்து தெளிந்த தண்ணீராகச் சொட்டுவது, நாற்றத்தோடு சீழ், இவற்றுக்கும் இதே அவசரம். தாப்பா, ஸ்லிம் ரிவர், தெலுக் இந்தான் மருத்துவமனைகள் பீடோரிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் விபத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு அங்கே போய் நின்றால், சோதிக்கிற மருத்துவர் எதைத் தேடுவார்?

ஆசைப்பட்டுச் செய்துகொண்டது, அனுபவிக்கட்டும் என்று சொல்வோர் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. கவாஸ்ஜிக்கு வைத்த மூக்கும் முதன்மையாக முகத்துக்கு வைத்ததுதான். தெருவில் நிமிர்ந்து நடக்கத்தான் அவர் அத்தனை நாள் மல்லாந்து கிடந்தார். முகத்தைப் பற்றிய வேதனையில் போரில் வந்தது மரியாதைக்குரியது, பிறவியில் வந்தது அற்பமானது என்று பிரிக்க நமக்கு என்ன உரிமை? அறுவை வேண்டுமா என்ற விவாதத்தை அறுவைக்கு முன் எவ்வளவு காரமாகவும் நடத்தலாம். கட்டோடு ஒருவர் வீட்டுக்குள் வந்த பிறகு அந்த விவாதம் முடிந்தது, பணிவிடை தொடங்குகிறது. மூச்சுத் தடையையும் வடிவத்தையும் ஒரே மேசையில் சரிசெய்துகொள்வோர் பலர் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு மறுப்பு, கைமருந்து இருக்கும்போது இத்தனை கவலை எதற்கு என்பது. பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையே மூக்கு ஒட்டிய பின் அதிமதுரம், செஞ்சாயம் தரும் பதிமுகம், மரமஞ்சள் ரசம் ஆகியவற்றைத் தூவச் சொல்கிறது, எள்ளெண்ணெய் விடச் சொல்கிறது, நெய் குடிக்கச் சொல்கிறது. உண்மைதான். ஆனால் துளைகளில் குழாய் வைத்து மூச்சுக்கு வழி செய்துவிட்டு, வரிசை மாறாமல், அறுத்த கையே இட்ட மருந்து அது. கட்டின் மேல் கோடாலித் தைலம் தடவுவதும், ஆவி பிடிப்பதும், தலைக்கு ஊற்றிய பிறகு சாம்பிராணி போடுவதும் அந்த மரபில் சேராது. தைலமும் புகையும் தும்மலைக் கிளப்பும். ஆவியின் சூடு ரத்தக்குழாயை விரித்துக் கசிவைத் தூண்டும். தையல் மேல் மஞ்சள் பூசினால் கிருமி போவதற்குப் பதில் வரவும் கூடும். நம் பத்தியத்தில் போற்ற வேண்டியது வேறு: பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் ஒருவர் பொறுப்பேற்று, வேளைக்கு மெல்லிய சாப்பாடு தந்து, வருகிறவர்களை வாசலோடு அனுப்பி, தூக்கத்தைக் காவல் காப்பார்கள். கட்டோடு வந்தவருக்கும் கஞ்சியும் மசித்த சோறும் அந்தக் காவலும் அப்படியே பொருந்தும்.

ஊர் பேசும் என்ற மறுப்புதான் வலுவானது. அதிலும் கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்தப் பேச்சு எப்படி வந்து விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்கும் பக்கத்து கிளினிக் மருத்துவருக்கும் தெரிந்தால் போதும். ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸருக்கு ஒவ்வொரு லயத்து வீட்டின் உடல்நிலையும் தெரிந்திருந்தது. ரகசியம் காப்பதும் அவர் வேலையாக இருந்தது. தோட்டம் கைமாறி, செம்பனை வந்து, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போன பிறகு அந்த ஒரு ஆள் இல்லாமல் போனார். அவருடைய இடத்தில் ஒரு மருத்துவரை நாமே தேடி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போதே என்ன செய்தார்கள், உள்ளே சிலிக்கான் வைத்தார்களா, சொந்தக் குருத்தெலும்பு வைத்தார்களா, என்ன மாத்திரை, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வாங்க வேண்டும். அறுவைக்கு முன்பே பீடோர் கிளினிக்கில் ஒருமுறை பேசிவிட்டு, வீடு திரும்பியதும் அதன் நகலை அங்கே கொடுத்துவிடலாம். நோயாளியின் விவரத்தை வெளியிடக் கூடாது என்ற கடமை மருத்துவருக்கு உண்டு, ஆகவே ஊர்ப்பேச்சு அங்கிருந்து கிளம்பாது.

மறைத்து வைப்பதால் மனத்துக்கு வரும் கேட்டையும் சொல்ல வேண்டும். கட்டுப் பிரித்த அன்று தெரிவது முடிந்த மூக்கு இல்லை. வீங்கி, நுனி தூக்கலாக, அகலமாக இருக்கும். யாரிடமும் பேச முடியாதவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் தன்னையே படமெடுத்துப் பார்ப்பார். அந்தப் படமும் உண்மை சொல்லாது. 12 அங்குலத்திலிருந்து எடுக்கும் படத்தில் மூக்கின் அடிப்பகுதி, 5 அடியிலிருந்து எடுப்பதைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் பாஸ்கோவர் குழுவினர் கணக்கிட்டுக் காட்டினார்கள். முதல் சில வாரங்களில் சோர்வும் அழுகையும் வருவது அறுவை செய்தவர்களுக்குப் பழக்கமான செய்திதான். விவரம் தெரிந்த அக்காவோ தம்பியோ பக்கத்தில் இருந்து, எதிர்ச் சுவரருகே நிறுத்தி, மாதம் ஒரு படம், அதே வெளிச்சத்தில், அதே தூரத்திலிருந்து எடுத்து வைக்கலாம். ஓராண்டு கழித்தும் மனம் நிறையாதவர் மறு அறுவை பற்றி மருத்துவரிடம் பேசப் போகும்போது, அந்தப் படங்கள்தான் கையில் இருக்க வேண்டியவை. மறு அறுவையின் கணக்கு வேறு. அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.