வடகப் பானையும் மார்கழிப் புயலும்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் நோக்கிப் போகும் சாலையில், இடப்புறம் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளும், அவற்றுக்கு அப்பால் உப்பனாறும், அதற்கும் அப்பால் கடலுமாகக் கிடக்கிற அந்தப் பிரதேசத்தை, அக்கினி நட்சத்திரத்து நண்பகல் ஒன்றில் பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு, வெயிலை வைவதைத் தவிர வேறொன்றும் தோன்றாது. ஆனால் அவனே குடிகாட்டிலோ செம்மங்குப்பத்திலோ இறங்கி, தெருவுக்குள் நாலடி நடந்து, வீட்டு மாடிகளிலும் திண்ணை ஓரங்களிலும் பழைய வேட்டிமேல் பரப்பியிருக்கும் உருண்டைகளையும், முறங்களில் காயும் சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் மோர்மிளகாயையும் கண்டானானால், இந்த வெயிலுக்காகவே வருஷம் முழுவதும் காத்திருக்கிற ஒரு ஜனக்கூட்டமும் உண்டு என்பது அவனுக்கு விளங்கும்.

அந்த உருண்டைகள்தான் வடகம். தாளிப்பு வடகம் என்றும் வெங்காய வடகம் என்றும் சொல்வார்கள். அரிசிக்கூழைப் பிழிந்து காயவைத்துப் பொரித்துத் தின்கிற வடாம் வேறு, இது வேறு. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு இவற்றோடு விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, பானையில் ஓரிரவு ஊறவிடுவார்கள். "ரொம்ப இடிச்சிடாதம்மா, கூழாப் போயிடும்" என்று மாமியார் மருமகளை எச்சரிப்பது இந்தக் கட்டத்தில்தான். மறுநாள் காலையில் அதைப் பிழிந்து உருட்டி வெயிலில் வைத்து, சாயங்காலம் மீண்டும் அதே பானைக்குள், தான் விட்ட நீரிலேயே ஊறப்போட்டு, அதற்கடுத்த நாள் பிசைந்து மறுபடியும் உருட்டி, இப்படியே நீரெல்லாம் வற்றுமட்டும் வாரக்கணக்கில் செய்துவந்தால், வெங்காயத்தின் ஈரம் போய் அதன் சாரம் மட்டும் எண்ணெயோடும் கடுகோடும் ஒன்றிக் கறுத்து, மண்கலயத்தில் ஒரு வருஷத்துக்குமேல் கெடாமல் இருக்கும் பதார்த்தமாகிவிடுகிறது. உப்பும் வெயிலும் நீரை வாங்கிவிட, பூச்சியை விளக்கெண்ணெய் விரட்டிவிட, எஞ்சிய காரியத்தை ஊறலில் உண்டாகும் புளிப்பு பார்த்துக்கொள்கிறது. ஒரு கிள்ளு எடுத்துக் காய்ந்த எண்ணெயில் போட்டால் தெருமுனை வரைக்கும் வாசனை எட்டும். வெறும் புளிக்கரைசல் அந்த நொடியில் குழம்பாகிவிடும்.

இதை ஏதோ நாவின் சபலத்துக்காகச் செய்கிற காரியமென்று கருதினால் தவறு. இந்தக் கரையோரத்தின் ஜீவனம் வருஷத்தில் இரண்டு தடவை தடைப்படும். சித்திரை பிறந்ததும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில், மீன்களின் இனப்பெருக்கத்தை உத்தேசித்து விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாதென்று 61 நாள் தடை. 2017-க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. அது கழிந்தால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். முதல் தடையின்போது கடலில் வேலை கிடையாது, ஆனால் வானத்தில் வெயில் உண்டு. இரண்டாவது தடையில் இரண்டுமே கிடையாது. ஆகவே முதலாவது முடக்கத்தின் வெயிலைக் கொண்டு இரண்டாவது முடக்கத்துக்கு வேண்டியதைத் தேடிக்கொள்வதென்று, எந்தச் சாஸ்திரத்திலும் எழுதாத ஓர் ஏற்பாட்டை இவ்வூர்ப் பெண்கள் நடத்தி வருகிறார்கள்.

கருவாடும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. சோனங்குப்பம், தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில், வலை நிறைய விழுந்து விலை படுத்துவிட்ட நாளின் மீன்தான் பெரும்பாலும் கருவாடாகிறது. நெத்திலியை அப்படியே மணலில் பரப்பிவிடலாம். வாளையையும் சுறாவையும் வயிறு கீறிக் குடலெடுத்து உப்பில் ஊறவைத்துத்தான் காயப்போட வேண்டும். சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலோ, நாலே நாலு கைப்பிடி இருந்தால், கத்தரிக்காய் ஒன்றோடு ஒரு குடும்பத்துக்குக் குழம்பாகிவிடும். மலிந்த நாளின் மீனே அரிய நாளின் ஆகாரமாகிறது.

அரிசி விஷயத்திலும் இதே யுக்திதான். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்துவது புழுங்கல். அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 ஜீவசத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. பச்சரிசியைப் பளபளவென்று தீட்டித் தின்ற தேசங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கால் வீங்கிச் சாகச்செய்த பெரிபெரி நோய், புழுங்கல் உண்டவர்களை அவ்வளவாக அணுகவில்லை. அதுவுமன்றி, அவித்த அரிசி இறுகியிருப்பதால் எளிதில் உடைவதில்லை. மீந்த சோற்றில் நீரூற்றி வைத்தால் மறுநாள் பழையசோறு. அதற்கு ஒரு வெங்காயமும் சுட்ட கருவாடும் போதும். துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பது, தானியத்தோடு வேப்பிலையும் வசம்பும் போட்டு வைப்பது, புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைப்பது என்று இந்த ஜாபிதாவை நீட்டிக்கொண்டே போகலாம். ஆடி மாசத்தில் மாரியம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ் வார்ப்பதையும் நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். பழைய நெல் தீர்ந்து புதுநெல் வராத, விதைக்கவேண்டிய காலத்தில், தெருவுக்கே ஒரு வேளைக் கஞ்சி கிடைக்க அம்மன் பெயரால் வழி செய்தவன், யாராயிருந்தாலும், லௌகிகம் தெரிந்தவன்.

இந்த ஏற்பாடுகளெல்லாம் மெய்யாகவே பயன்பட்டதா என்று கேட்பவர்களுக்கு, ‘தானே’ என்ற புயல் பிரத்தியட்சமான சாட்சி. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே, மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் அது கரை கடந்தபோது, பண்ருட்டிச் சீமையின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பெண்ணின் கல்யாணத்துக்கென்று தோப்பில் சேமித்திருந்தவர்களின் சேமிப்பு ஒரே இரவில் விறகாயிற்று. கம்பங்கள் முறிந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மிக்ஸியும் கிரைண்டரும் குளிர்பெட்டியும் வாயடைத்துப்போன அந்த நாட்களில், விழுந்த முந்திரிக் கிளையை அடுப்பில் வைத்து, அரிசியைக் கஞ்சியாக்கி, புளியைக் கரைத்து வடகத்தைத் தாளித்த வீடுகள் பசியாறின. சந்தைக்குக் காய்கறி வந்து சேர்கிற வரையில் காத்திருக்க அவற்றுக்கு ஒரு பானை இருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பழமையைப் பாடுவதோடு நிறுத்திக்கொண்டால் நான் உண்மை பேசியவனாக மாட்டேன். பானை நிறைய வேண்டுமானால் முதலில் அதில் போடுவதற்கு ஒன்று இருக்கவேண்டும். குதிரும் நெல்லும் நிலமுடையவனின் வீட்டிலிருந்தன. அவன் வயலில் நாற்று நட்ட கூலிக்காரியின் குடிசையில் அன்றைய கூலி அன்றைக்கே உலைக்குப் போயிற்று. அதனால்தான் 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் முதலில் மடிந்தவர்கள் அவர்களாயிருந்தார்கள். அப்போது சர்க்கார் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877-ன் தொடக்கத்தில் நிர்ணயித்த படி, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சொற்பச் சில்லறையுமே. உடலுழைப்புக்கு அது போதாதென்றும், பருப்பும் காயும் வேண்டுமென்றும் சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்தே அது உயர்த்தப்பட்டது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துவையல் வேண்டும் என்று எந்தக் கூலிக்காரியும் அறிந்திருந்ததை, வைத்தியர் ஒருவர் மனுப்போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பஞ்சத்துக்கு ஒன்பது வருஷம் முன்பே, இதே மாவட்டத்தில், சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த இராமலிங்க சுவாமிகள் வேறொரு வழி கண்டிருந்தார். பார்வதிபுரத்துக் குடிகள் அளித்த 80 காணி நிலத்தில், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, ஜாதி, குலம் கேளாமல் வந்தவர்க்கெல்லாம் சோறு என்றார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஊரார் கொண்டுவந்து கொடுக்கும் அரிசியாலும் பருப்பாலும் விறகாலும் எரிகிற அந்த அடுப்பை, வீடில்லாதவர்களின் சமையற்கட்டு என்றே சொல்லலாம். பிற்காலத்தில் சர்க்காரே கடை திறந்தது. 2007 முதல் ரேஷனில் மானிய விலைக்குத் துவரம்பருப்பும் பாமாயிலும், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியும் கிடைக்கத் தொடங்கின. கார்னிஷ் கேட்ட பருப்பு வந்து சேர நூற்றுமுப்பது வருஷமாயிற்று!

திரும்பவும் சிப்காட்டுக்கு வருவோம். 1980-களில் இந்தத் தொழிற்பேட்டை வந்தபிறகு, வயலும் உப்பனாற்று மீனும் தந்த ஜீவனத்தின் இடத்தில், கம்பெனிச் சம்பளமும் ஒப்பந்தக் கூலியும் வந்தன. மாசச் சம்பளக்காரனுக்கு மளிகைக் கடையே குதிர். இரண்டறை வாடகை வீட்டில் வடகம் பரப்ப மாடியும் இல்லை. இருக்கிற மாடியிலும், காற்று ஆலைப்பக்கமிருந்து அடிக்கும் நாளில், எதைப் பரப்புவது என்ற யோசனை. இந்தக் காற்றைப்பற்றிய முறையீடு பழையது. 2004-ல் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்களே சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு அமைத்து, எந்த நாளில், எந்தத் திசையிலிருந்து, என்ன நாற்றம் வந்தது என்பதைக் குறித்துவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். அழுகிய முட்டை நாற்றம் என்று அவர்கள் எழுதியது, ரசாயன சாஸ்திரத்தில் ஹைட்ரஜன் சல்பைடு. வடகம் பதமாகிவிட்டதா, கருவாடு சரியாகக் காய்ந்ததா என்பதை மோந்தே சொல்லிவிடுகிற ஊரில், மூக்கைச் சாட்சியாக வைத்தது எனக்கு வியப்பாகவே இல்லை.

ஆனாலும் பானை ஒரேயடியாய்ப் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஒப்பந்தக் கூலிகள் நின்றபோது, ரேஷன் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அது எங்கோ ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தது. இப்போதும் வைகாசி முடிவில், சேத்தியாத்தோப்பிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் மகளைப் பார்க்க வருகிற தாய்மார், சிப்காட் நிறுத்தத்தில் இறங்கும்போது, மஞ்சள்பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு, அவர்கள் சொல்லாமலே, அது என்னவென்று தெரிந்திருக்கும். வாடகை வீட்டில் அது பழைய ஹார்லிக்ஸ் புட்டிக்குள் போய், மூடியை இறுக்கி, எரிவாயு அடுப்புக்கு மேலேயுள்ள பலகையில் ஐப்பசி வரைக்கும் தொடாமல் வைக்கப்படும்.