உங்களுக்குத் தெரியுமா? ரிவர்ஸில் ஜாகுவாரை ஜெயித்த கார்!

ஜாகுவார் ஈ-டைப். 1961-ல் உலகமே வாயைப் பிளந்து பார்த்த ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி சொன்ன உச்ச வேகம் மணிக்கு 241 கிலோமீட்டர். குரோஷியாவில் தயாராகும் ரிமாக் நெவேரா மின்சார கார் 2023-ல் தொட்டது 275.74 கிலோமீட்டர். அதுவும் ரிவர்ஸில்!

ஆமாம், பின்பக்கமாக! கின்னஸில் ஏறிய சாதனை இது. அன்றைய ராஜா முன்னால் பாய்ந்ததைவிட இன்றைய கார் பின்னால் வேகமாகப் போகிறது!

அப்படியானால் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா? கூடவே கூடாது! ஓட்டுகிற சுகம் என்று வந்துவிட்டால் கதையே வேறு. தோண்டத் தோண்டப் புதையல்! வாருங்கள்.

அதே ஈ-டைப் ஜெனீவாவில் அறிமுகமான கதை தெரியுமா? ஓட்டிப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. கொண்டுபோன கார் போதவில்லை. முதலாளி வில்லியம் லயன்ஸ் இங்கிலாந்துக்குப் போன் போட்டார். டெஸ்ட் டிரைவர் நார்மன் டூயிஸ் கவென்ட்ரியில் இன்னொரு காரை எடுத்தார். கப்பலில் கடலைத் தாண்டினார். பிரான்ஸின் குறுக்கே இரவெல்லாம் விரட்டினார். விடிந்தால் ஜெனீவா! வந்த சூடு ஆறுவதற்குள் விருந்தாளிகளை உட்காரவைத்து ஓட்டிக் காட்டவும் ஆரம்பித்துவிட்டார்! மனிதர் வாழ்ந்தது 98 வயது வரை!

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஓவியம், சிற்பங்களோடு ஓர் ஈ-டைப்பும் இருக்கிறது. 1996-ல் சேர்த்தார்கள். கலைப்பொருளாக!

1964-ல் தயாரிப்புக்கு வந்த முதல் போர்ஷே 911-ன் சக்தி 130 குதிரைத்திறன். இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாயின் கிரெட்டா டர்போ பெட்ரோலுக்கு 160! குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற கார் அந்த 911-ஐவிட 30 குதிரை கூடுதலாக வைத்திருக்கிறது!

ஆனால் அந்த 911-ன் எடை வெறும் 1,080 கிலோ. சூட்சுமமே அங்கேதான்!

911-க்கு முதலில் வைத்த பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்கள் எங்களுக்குச் சொந்தம் என்று பெஜோ கம்பெனி எதிர்ப்புக் காட்டியது. ஒரே ஓர் எண்ணை மாற்றினார்கள். உலகப் புகழ் பெற்ற பெயர் பிறந்தது இப்படித்தான்!

அடுத்தது நம்ம ஊர்ச் சமாசாரம். மார்தட்டிக்கொண்டே சொல்கிறேன்! டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று 1962-ல் இங்கிலாந்தில் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டே சீட். போர் விமானத்தின் பெயர். அதற்குச் சேஸிஸ் எங்கிருந்து வந்தது தெரியுமா? டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிப் போட்டார்கள். அந்த ஹெரால்டுதான் நம் சென்னையில், வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது! இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள், இத்தாலியின் மிகெலோட்டி. உங்கள் தெரு டாக்டர் வைத்திருந்த அந்தப் பழைய ஹெரால்டு, ஓர் அசல் ஸ்போர்ட்ஸ் காரின் கூடப் பிறந்தது!

ஹெரால்டின் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மட்கார்டு, ஹெட்லைட் என்று முன்பாதி மொத்தமும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முதலை வாயைத் திறந்த மாதிரி! எஞ்சின், ஸ்டியரிங் ராடு, சஸ்பென்ஷன் எல்லாம் கண்முன்னே விரிந்து கிடக்கும். மெக்கானிக் குனியவே வேண்டாம். முன் டயர் மேல் சாவகாசமாக உட்கார்ந்து பிளக்கைக் கழற்றலாம். ஸ்பிட்ஃபயரும் அப்படியே! ஈ-டைப்பும் அப்படியே!

அந்த ஸ்பிட்ஃபயரின் சக்தி 63 குதிரைத்திறன். நம் மாருதி ஆல்டோ கே10-க்கே 65-க்கு மேல்! ஆனாலும் ஸ்பிட்ஃபயரில் காது பக்கத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பிருஷ்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே சில அங்குலம்தான். 60 கிலோமீட்டர் வேகம் 120 மாதிரி இருக்கும்!

கேட்டர்ஹாம் செவன் 170. 2021-ல் வந்தது. எஞ்சின் சுசூகியின் 660 சி.சி. எடை 440 கிலோ. நம் 350 சி.சி. புல்லட்டின் எடை 195 கிலோ. கணக்குப் போடுங்கள். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இரண்டே கால் புல்லட்!

இந்தக் காரின் வடிவம் இன்றையதே இல்லை! காலின் சாப்மன் 1957-ல் லோட்டஸ் செவன் என்று கொண்டுவந்தது. 1973-ல் உரிமை கேட்டர்ஹாமுக்குக் கைமாறியது. இன்றும் புத்தம் புதிதாக வாங்கலாம்!

மார்கன் கார் தெரியுமா? இங்கிலாந்தின் மால்வர்னில் இன்றைக்கும் கையால் கட்டுகிறார்கள். முன்னால் நவீன பி.எம்.டபிள்யூ எஞ்சின். பாடிக்கு உள்ளே எலும்புக்கூடு எதில்? மரத்தில்! ஆஷ் மரம். தச்சர் வேலை செய்கிற கார் ஆலை!

மெர்சிடஸ் 300 எஸ்.எல்., 1954. கதவுகள் இறக்கை மாதிரி மேலே விரியும். அழகுக்கு என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! குழாய்களால் பின்னிய சேஸிஸ் பக்கவாட்டில் உயரமாக வந்துவிட்டது. சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. ஏறுவதும் தனி வித்தை. முதலில் அந்த அகலமான திண்டில் உட்கார வேண்டும். பிறகு காலை மடக்கி உள்ளே நுழைத்து, சீட்டில் சரிய வேண்டும். தொடை இடிக்குமே? அதற்காக ஸ்டியரிங் வீலையே மடிகிற மாதிரி செய்தார்கள்!

ஃபெராரி எஃப்40, 1987. மணிக்கு 324 கிலோமீட்டர். உள்ளே கதவைத் திறக்கக் கைப்பிடி கிடையாது. ஒரு கேபிளைப் பிடித்து இழுக்க வேண்டும்! கார்ப்பெட் இல்லை. பவர் ஸ்டியரிங் இல்லை. ஏ.பி.எஸ். இல்லை. உலகின் விலையுயர்ந்த கார்களில் ஒன்றில் தரை விரிப்பு கூட இல்லை!

இதற்கும் முன்னால் 1972-லேயே போர்ஷே இந்த வேலையைச் செய்துவிட்டது. கரேரா ஆர்.எஸ். 2.7-ன் எடை குறைந்த மாடலில் கடிகாரத்தைக் கழற்றினார்கள். பின் சீட்டைக் கழற்றினார்கள். 500 கார் விற்றால் போதும் என்று இறங்கினார்கள். போனது 1,580!

மிஸ்டர் பீன் படத்தில் ஓட்டுவது பூட்டுப் போட்ட குட்டி மினி. நிஜத்தில் ரோவன் அட்கின்சன் ஓட்டியது மெக்லாரன் எஃப்1! டிரைவர் சீட் நட்டநடுவில். எஞ்சின் அறைச் சுவரில் அசல் தங்கத் தகடு. அந்தக் காரை அவர் ஷெட்டில் பூட்டி வைக்கவில்லை. 41 ஆயிரம் மைல் ஓட்டித் தீர்த்தார்! இரண்டு முறை மோதினார். இரண்டாவது மோதலுக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்தது 9 லட்சத்துக்கும் அதிகமான பவுண்டு! நல்ல காரை வாங்கி ஓட்டாமல் வைத்திருப்பவர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த எஃப்1-ஐ வடிவமைத்தவர் கார்டன் மர்ரே. 627 குதிரைத்திறன் காரைப் படைத்தவர், இன்றைக்கும் ஸ்டியரிங் சுகத்துக்கு உதாரணம் காட்டுவது எதை? 1962-ல் வந்த லோட்டஸ் எலானை! எலானின் எடை 700 கிலோ கூட வராது!

இப்போது கியருக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இது!

வளைவுக்குள் நுழையும்போது பழைய ஸ்போர்ட்ஸ் கார் டிரைவர் என்ன செய்வார் தெரியுமா? வலது கால் நுனி பிரேக்கில். அதே காலின் ஓரத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு. இடது கால் கிளட்சில். கை கியரில். எஞ்சின் ஒரு உறுமு உறுமும், கியர் வெண்ணெய் மாதிரி விழும். நம் பழைய லாரி டிரைவர்கள் போடும் டபுள் கிளட்சுக்கு அண்ணன் முறை! மூன்று பெடல், இரண்டே கால்!

2009 மாடல் நிஸான் 370இசட்-ல் அந்த உறுமலைக் கம்ப்யூட்டரே கொடுத்துவிட்டது. டிரைவர் கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினால் போதும். மேனுவல் கியர் காரில் உலகிலேயே முதல் முறை! நல்ல வேளை, அதை அணைக்க ஒரு பட்டனும் வைத்தார்கள். நானாக இருந்தால் முதல் நாளே அணைத்துவிடுவேன்.

ஸ்டியரிங்கின் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்றுகிறார்களே, அதை ஃபார்முலா 1-க்குக் கொண்டுவந்தது ஃபெராரி. 1989, பிரேசில். எப்படியும் பாதியில் நின்றுவிடும் என்று நைஜல் மான்செல் வீட்டுக்குச் சீக்கிரம் திரும்ப விமான டிக்கெட்டே போட்டுவிட்டார். நடந்தது என்ன? முதல் பந்தயத்திலேயே வெற்றி!

எட்டே வருடத்தில், 1997-ல், அந்தத் தட்டும் கியர் எஃப்355-ல் ரோட்டுக்கு வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஃபெராரியில் கிளட்ச் பெடலே காணாமல் போய்விட்டது! இன்றைக்கு ஏலத்தில் மேனுவல் கியர் போட்ட 599 ஜி.டி.பி. வந்தால் விலை பல மடங்கு. மொத்தமே சுமார் 30 கார்தான்!

போர்ஷே 2013-ல் ஜி.டி.3 காரை ஆட்டோமேடிக்கில் மட்டும் விட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். 2016-ல் மேனுவல் மட்டும் வரும் 911 ஆர் வந்தது. அந்தத் தலைமுறைக் காரின் உள்பெயர் 991. தயாரித்ததும் 991 கார்தான்! எல்லாம் பறந்தன.

கோனிக்செக் சிசி850 இன்னும் ஒரு படி மேல்! கிளட்சை மிதித்து ஓட்ட ஆறு கியர் மேனுவல். வேண்டாம் என்றால் ஒன்பது கியர் ஆட்டோமேடிக். இரண்டும் ஒரே கியர்பாக்ஸ்!

சத்தத்துக்கு வருவோமா? லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. எஞ்சின் சும்மா நிற்கும் நிலையிலிருந்து 9,000 சுற்றுக்கு 0.6 விநாடியில் ஏறும். முள்ளால் அந்த வேகத்துக்கு ஓட முடியவில்லை. அதனால் மீட்டரையே டிஜிட்டல் ஆக்கினார்கள்! சத்தத்தைச் சுருதி சேர்த்தது யார்? பியானோ செய்கிற யமஹா!

2011-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5-ல் எஞ்சின் சத்தம் ஸ்பீக்கர் வழியாகவும் வரும். கேபின் அவ்வளவு அமைதியாகிவிட்டது!

இதற்கெல்லாம் சிகரம் ஹூண்டாய் அயோனிக் 5 என். மின்சார கார். கியர்பாக்ஸே கிடையாது. ஆனாலும் பட்டனை அமுக்கினால் எட்டு கியர் இருக்கிற மாதிரி நடிக்கும்! கியர் மாறும்போது முதுகில் ஒரு குத்து. ஸ்பீக்கரில் எஞ்சின் உறுமல். கியரை மாற்றாமல் மிதித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் கார் மாதிரியே முக்கி நிற்கும்! 650 குதிரைத்திறன் கையில் இருந்தும், பழைய காரின் இடைஞ்சலையெல்லாம் ஆசையாசையாகத் திருப்பிச் செய்து வைத்திருக்கிறார்கள். எடை 2,200 கிலோ. அதாவது ஐந்து கேட்டர்ஹாம்!

டொயோட்டா ஜி.டி.86, 2012. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அகலமான, ரோட்டில் ஒட்டிக்கொள்கிற டயர்தானே? இதில் போட்டது பிரியஸ் காருக்கும் போடுகிற டயர்! மைலேஜுக்குப் பேர்போன அந்தப் பிரியஸ்! எதற்காக? வளைவில் குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் அழகாக வழுக்க வேண்டும் என்றுதான்! நிறையப் பிடிப்பு, நிறைய வேகம், பிறகு நிறையப் பயம் என்பதே இல்லை. 60-லேயே ஆட்டம் ஆரம்பம். இப்படி ஒரு யோசனை தோன்றிய தலைக்கு ஒரு கும்பிடு!

மஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-ல் பழைய எலானை மனதில் வைத்துப் பிறந்தது. ஜப்பானியர்கள் சொல்லும் மந்திரம், குதிரையும் ஓட்டுபவனும் ஓருடல். 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரில் இதற்குமேல் விற்றது உலகில் எதுவும் இல்லை!

புகாட்டி வேரான் 2005-ல் மணிக்கு 407 கிலோமீட்டர் போனது. அந்த வேகத்திலேயே ஓட்டினால் டயர் 15 நிமிடம்தான் தாங்கும். கவலையே வேண்டாம். பெட்ரோல் 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும்!

1955 மில்லே மில்யா பந்தயம். இத்தாலியின் ஊர்ச் சாலைகளில் சுமார் 1,600 கிலோமீட்டர். ஸ்டெர்லிங் மாஸ் ஓட்ட, பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன். கூகுள் மேப் எது? கையில் ஒரு பெட்டி. அதற்குள் சுருட்டிய காகிதம், நீளம் சுமார் 5 மீட்டர்! ஒவ்வொரு வளைவும் அதில் எழுதியிருந்தது. எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. கைஜாடை மட்டும்தான். பத்து மணி 7 நிமிடம் 48 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டர்! மாஸ் ஓட்டிய அந்த மெர்சிடஸ் 300 எஸ்.எல்.ஆர். காரின் மூடிய மாடல் ஒன்றை 2022-ல் விற்றார்கள். விலை 13.5 கோடி யூரோ. ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்!

ஜாகுவார் எக்ஸ்.கே.எஸ்.எஸ். கதை கேட்டால் நெஞ்சு படபடக்கும். 1957 பிப்ரவரி 12. ஆலையில் தீ. 25 கார் கட்டத் திட்டம், 16 முடிந்திருந்தது. மிச்சம் 9 எரிந்து போனது. ஏறத்தாழ அறுபது வருடம் கழித்து அதே ஜாகுவார், எரிந்த அந்த ஒன்பதையும் கட்டப்போவதாக அறிவித்தது. அதே பழைய முறையில், புதிதாக. ஒன்று பத்து லட்சம் பவுண்டுக்கு மேல்!

கார்டன் மர்ரே மறுபடி வந்தார். டி.50, 2020. நடுவில் சீட், கையில் மேனுவல் கியர், எடை ஆயிரம் கிலோவுக்குக் கீழே. எஞ்சின் நிமிடத்துக்கு 12,100 சுற்று. மொத்தம் 100 கார்!

கடைசியாக இது. ரிவர்ஸ் சாதனை படைத்த ரிமாக்கின் முதலாளி மாட்டே ரிமாக்கின் கையில்தான் இன்று புகாட்டியும் இருக்கிறது. மின்சார கார் மனிதர், திரைகளின் காலத்து ஆள். 2024-ல் புது புகாட்டி டூர்பியான் வந்தது. 1,800 குதிரைத்திறன், விலை 38 லட்சம் யூரோ. டிரைவருக்கு எதிரே என்ன வைத்தார் தெரியுமா? பெரிய திரையா? கிடையாது! சுவிஸ் கைக்கடிகாரக் கலைஞர்கள் செய்த முள் மீட்டர். திரை சில வருடத்தில் பழசாகிவிடும், முள் பழசாகாது என்பது அவர்கள் கணக்கு. டைட்டானியம், நீலக்கல், மாணிக்கம். அந்த ஒரு மீட்டருக்குள் மட்டும் 600-க்கும் மேற்பட்ட உதிரிகள்!