வேண்டாத ரீங்காரம்



ஊர் அடங்கிய பின்பு நல்லதொரு பாட்டைக் கேட்கும் விருப்பத்துடன் விரியலாக்கியை முடுக்குகின்றோம். பாட்டுத் தொடங்கு முன்னரே 'ம்ம்' என்றொரு ரீங்காரம் எழுந்து செவியை அடைக்கின்றது. அம்பிளிபயர் எனப் பொதுவழக்கிற் கூறப்படும் அக்கருவியின்மீது நாம் சினங்கொள்கின்றோம். தன்னிடம் வந்த நுண்ணிய மின்குறியைப் பெருக்கித் தருவதே அதன் தொழில். பாட்டு எது, பழுது எது என்று அது பகுத்தறியாது. பகுத்தறிய வேண்டியவர் நாமே.

இலங்கையில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 முறை சுழல்கின்றது. போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில், தண்ணீரூற்றில் நாங்கள் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலி கேட்டோம். சக்கரம் விரைந்தால் இரைச்சலின் சுருதி ஏறும். கை தளர்ந்தால் இறங்கும். அதுவே ஆடலோட்டத்தின் குரல் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

விரியலாக்கிக்கு வேண்டியது நேரோட்டம். சீராக்கி ஆடலோட்டத்தை ஒருதிசைப்படுத்தும்போது, செக்கனுக்கு 100 துடிப்புக்கள் எஞ்சுகின்றன. அவற்றைச் சமன்செய்வது கொள்ளளவி. மாரி ஒழுங்கின்றிப் பொழியினும், தண்ணிமுறிப்புக் குளம் அதனைத் தேக்கி வாய்க்காலுக்குச் சீராக விடுகின்றதன்றோ? கொள்ளளவியும் அத்தகைய குளமே. ஆண்டுகள் பல செல்ல, வெப்பத்தால் அதன் உள்ளீரம் உலர்ந்து கொள்ளளவு குன்றுகின்றது. அப்போது துடிப்புக்கள் ஒலிபெருக்கி வரை சென்று ரீங்காரமாகின்றன.

இனி, பழுதின் இடத்தைக் காணும் முறையைக் கூறுவேன். முதலில் ஒலிக்குமிழை முற்றாகக் குறையுங்கள். ரீங்காரம் சற்றும் மாறாதிருப்பின், பழுது குமிழுக்குப் பின்னால் உள்ளது. பெரும்பாலும் மேற்கூறிய மின்வழங்கற் பகுதியே காரணம். குமிழோடு சேர்ந்து ரீங்காரமும் அடங்கினால், அது குமிழுக்கு முன்னால், குறி நுழையும் வழியிற் புகுகின்றது. ஒலிபெருக்கியை விடுத்துப் பெட்டியிலிருந்தே உறுமல் கேட்டால், அது நிலைமாற்றியின் அதிர்வு.

குறி வழியிற் பழுதெனின், கருவியை நிறுத்தி, உள்வரும் வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதனைக் கழற்ற ரீங்காரம் மறைகின்றதோ, ஐயம் அதன்மேல். வடத்தை அசைக்கும்போது ஒலி மாறினால், உள்ளிருக்கும் கவசப் பின்னல் அறுந்திருக்கலாம். வடம் நன்றாயின், புவித் தடத்தை நோக்குக. தொலைக்காட்சிப் பெட்டியும் விரியலாக்கியும் வெவ்வேறு இடங்களிற் புவித்தொடுப்புப் பெற்றிருந்தால், அவற்றிடையே சிறு அழுத்த வேறுபாடு உண்டாகும். அதனால் வடத்தின் கவசம் வழியே ஓட்டம் பாய்ந்து ரீங்காரம் எழும். மடிக்கணினியை இணைத்திருப்போர் அதன் மின்னேற்றியைக் கழற்றிப் பார்க்கலாம். ஒலி உடனே அடங்கினால் மின்னேற்றி வழியே வரும் தடமே காரணம்.

இவ்விடத்தில் என் தவறொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை இத்தடத்தை அறுக்கக் கருதி, விரியலாக்கியின் செருகியிற் புவிக் கம்பியைக் கழற்றிவிட்டேன். ரீங்காரம் மறைந்தது, மகிழ்ந்தேன். சில நாட்களின் பின், மகள் பெட்டியின் உலோக உடலைத் தொட்டு, 'அப்பா, கறன்ற் அடிக்குது!' என்று அலறிக் கையை இழுத்தாள். காலிற் செருப்பு இருந்தது எங்கள் நற்பேறு. அன்றே கம்பியைப் பூட்டினேன். பூட்டி முடுக்கியதும் வீட்டின் காப்பாளி விழுந்து மின்னைத் துண்டித்தது. நிலைமாற்றியின் காப்பு நைந்திருந்ததை அப்போதுதான் அறிந்தேன். கம்பி இருந்திருப்பின் முதல் நாளே அது தெரிந்திருக்கும். திருத்திய பின், இரு கருவிகளையும் ஒரே செருகுபலகையில் இணைத்தேன், ரீங்காரம் அடங்கிற்று. அடங்காதவிடத்து, குறி வழியில் வைக்கும் தனிப்படுத்தும் நிலைமாற்றி உதவும்.

ஆகவே, வடங்களைக் கழற்றி ஆராய்வது வரையே நம் எல்லை. செருகியை நீக்கிய பின்னரும் கொள்ளளவியில் மின் தேங்கியிருக்கும். பெட்டியைத் திறப்பதைத் தொழில் அறிந்தவரிடம் விடுங்கள். 'குமிழைக் குறைத்தும் குறையவில்லை' என்று நீங்கள் அவரிடம் சொல்லும் ஒரு வாக்கியமே அவருடைய வேலையிற் பாதியைக் குறைத்துவிடும். புவிக் கம்பியை மாத்திரம் எக்காரணங் கொண்டும் கழற்றாதீர்கள்.