புதிய செயலிக்குப் பழைய நிரல்

ஒரு கணிப்பொறியில் நன்றாக ஓடும் நிரலை வேறு வகைக் கணிப்பொறியில் இட்டால் அது ஓடாமற் போகலாம். கோளாறு நிரலிலா, பொறியிலா? பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. இரண்டின் மொழியும் வேறு, அவ்வளவுதான்.

கணிப்பொறியின் மூளையான செயலிக்குத் தெரிந்தவை எளிய ஆணைகளே. இரண்டு எண்களைக் கூட்டு, நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடு என்பன போன்றவை அவை. ஒவ்வோர் ஆணைக்கும் 0, 1 ஆகிய இலக்கங்களாலான குறியீடு உண்டு. இவற்றின் முழுத் தொகுப்பே ஆணைத் தொகுதி எனப்படும். மேசைக் கணிப்பொறிகள் பலவற்றிலுள்ள எக்ஸ்86 வகைச் செயலிக்கு ஒரு தொகுதி. கைபேசிகளிலுள்ள ஆர்ம் வகைக்கு வேறொன்று. அமெரிக்காவில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 2010-இல் ரிஸ்க்-ஃபைவ் என்னும் புதிய தொகுதி உருவாகத் தொடங்கியது. உரிமத் தொகை கட்டாமலே எவரும் இதற்கேற்பச் செயலி அமைக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' செயலிகளும் இத்தொகுதியைச் சேர்ந்தவையே.

செயலி பிறந்தால் மட்டும் போதுமா? அதில் ஓட நிரல்கள் வேண்டாமா? கோப்பை நகலெடுப்பது, சொற்களை எண்ணுவது, வரிகளை அகர வரிசைப்படுத்துவது போன்ற சிறு நிரல்களை முதலில் ஆயத்தம் செய்வார்கள். பெரிய நிரல்களை உருவாக்குவதற்கே இச்சிறு கருவிகள் தேவை.

நிரலே இல்லாத பொறிக்கு நிரலை எப்படி ஆயத்தம் செய்வது? நிரலர் சி போன்ற மொழியில் எழுதும் மூல வரிகளை ஆணைக் குறியீடுகளாக மாற்றித் தருவது தொகுப்பி. பழைய பொறியில் இருந்துகொண்டே புதிய செயலிக்கான குறியீடுகளைத் தரும் தொகுப்பிகள் உண்டு. புதிய சில்லு கைக்கு வராவிட்டாலும் கவலையில்லை. க்யூஎமு போன்ற நிரல், பழைய பொறியிலேயே புதிய செயலியைப் போல நடந்து காட்டும்.

அப்படியானால், மீண்டும் தொகுத்தவுடன் வேலை முடிந்ததா? பல நேரங்களில் முடிந்துவிடும். சில நேரங்களிலோ, பழைய செயலியின் வழக்கம் ஏதேனும் நிரலுக்குள் ஒளிந்திருக்கும்.

கோப்பிலுள்ள எழுத்துகளை எண்ணும் ஒரு சி நிரலைப் பாருங்கள். கோப்பு முடிந்ததும், எழுத்துக்குப் பதிலாக −1 என்னும் எண் வரும். நிரலர் அதைச் 'சார்' என்னும் ஒரு பைட் இடத்தில் வைத்து, −1 தானா என்று ஒப்பிடுகிறார். ஒரு பைட்டில் 256 மதிப்புகளே அடங்கும். அவற்றை −128 முதல் 127 வரை எனக் கொள்வதா, 0 முதல் 255 வரை எனக் கொள்வதா? சி மொழி இதை வரையறுக்கவில்லை. லினக்ஸ் இயங்கும் பொறிகளில் எக்ஸ்86 முதல் முறையையும், ரிஸ்க்-ஃபைவ் இரண்டாம் முறையையும் பின்பற்றுகின்றன. ஆகவே புதிய செயலியில் −1 என்பது 255 ஆகிவிடும். 255 ஒருநாளும் −1-க்குச் சமமாகாது. கோப்பு முடிந்த பின்னும் நிரல் எண்ணிக்கொண்டே இருக்கும்!

திருத்தம் ஒரே சொல்தான். 'சார்' என்பதை 'இன்ட்' என்று மாற்றினால் −1-க்கும் 255-க்கும் தனித்தனியே இடம் கிடைத்துவிடும்.

குற்றம் புதிய செயலியுடையதா? இல்லை. பழைய பொறியில், 255 மதிப்புள்ள பைட் கோப்பின் நடுவே வந்திருந்தால், அதையே −1 என எண்ணி நிரல் நின்றிருக்கும். பாதிக் கணக்கை முழுக் கணக்கென்று தந்திருக்கும். யாரும் அறியாதிருந்த அப்பிழையைப் புதிய செயலி காட்டிக் கொடுத்தது.

நீங்கள் சி பயில்பவரானால், உங்கள் நிரலொன்றை இரு வகைச் செயலிகளுக்கும் தொகுத்து, ஒரே கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். விடைகள் வேறுபட்டால், முதலில் உங்கள் மூல வரிகளையே ஐயுறுங்கள்.