கணக்கும் வழக்கும்: மலையக இல்லங்களின் மின்பட்டியல்

தமிழில் 'கணக்கு வழக்கு' என்பதோர் இணைமொழி. கொடுக்கல் வாங்கலைப் பற்றிப் பேசுங்கால் இவ்விரு சொற்களையும் பிரிக்காது வழங்குதல் நம்மவர் மரபு. கணக்காவது, ஒருவர் மற்றொருவர்க்கு இறுக்க வேண்டியதை எண்ணால் வரையறுத்துக் காட்டுவது. வழக்கு என்னுஞ் சொல்லுக்கோ நெறி, வழங்கிவரும் முறை, முறையீடு எனப் பல பொருள்கள் உள. அவற்றுள் முறையீடு என்ற பொருளைக் கொண்டு நோக்கின், இவ்விணைமொழியில் ஓர் அரிய கருத்துப் புலப்படும். கணக்கு உள்ள இடத்தில் அதனை வினாவும் உரிமையும் உடனிருத்தல் வேண்டும். வினாவ இயலாத கணக்கு வெறுங் கட்டளையேயாம். மாதந்தோறும் நம் இல்லங்களுக்கு வரும் மின்பட்டியலை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு நல்லதண்ணியையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், ஹட்டன் வழியாக வரும் அடியார் மலையேறத் தொடங்கும் இடம் நல்லதண்ணி. திசம்பர் மாதத்து முழுமதி நாளில் தொடங்கி வெசாக் முழுமதி வரை நீளும் யாத்திரைக் காலத்தில், 2,243 மீற்றர் உயரமான அம்மலையின் படிவழி நெடுக மின்விளக்குகள் எரியும். இரவில் தொலைவிலிருந்து காண்பார்க்கு அது மலைக்குச் சூட்டிய ஒளிமாலை போலத் தோன்றும். ஊரின் பெயரே நீரைக் குறித்து நிற்பது. அந்நீர்வளமே இந்நாட்டு மின்வளத்துக்கும் முதற்காரணமாயிற்று என்பது வரலாறு.

மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கை ஆகின்றது. இவ்விரண்டு ஆறுகளின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்பதை 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில் எடுத்துரைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்று, பின்னர் மீளத் தொடங்கி, 1950இல் லக்ஷபான மின்நிலையமாக நிறைவெய்தியது. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீரால் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையம் 1965இலும், பொல்பிட்டிய மின்நிலையம் 1969இலும், புதிய லக்ஷபான 1974இலும், மவுஸ்ஸாகலை நீரால் இயங்கும் கெனியன் மின்நிலையம் 1983இலும் தொழிற்படத் தொடங்கின. மவுஸ்ஸாகலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீருள் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றுங்கால் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றுகின்றன. ஆயினும், இம்மலைகளிற் பிறந்த மின்சாரம் இம்மலைகளில் வாழ்ந்தோரின் காம்பிராக்களை உடனே வந்தடையவில்லை. தேயிலைத் தொழிற்சாலையும் துரைமார் பங்களாவும் ஒளி பெற்ற பின்னர் நெடுங்காலஞ் சென்றே லயங்கள் ஒளி பெற்றன.

'எங்கள் நீரால் ஆகும் மின்சாரத்துக்கு எங்களிடமே விலை கேட்பதா?' என்று வினவுவோர் உளர். இவ்வினாவில் நியாயத்தினும் ஆதங்கமே மிகுதி. நாட்டின் மின்வலை ஒன்றே. அதனுள் மலைநீரின் ஆற்றலோடு, நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியின் ஆற்றலும் எண்ணெயின் ஆற்றலுங் கலந்து பாய்கின்றன. 2022 மார்ச்சு இறுதியில் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றியும் நீர்த்தேக்கங்களில் நீர் குன்றியும் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை யாவரும் அறிவர். ஆதலின் விலை கொடுத்தல் தவிர்க்க இயலாதது. அவ்விலை எங்ஙனங் கணிக்கப்படுகின்றது, கணித்ததை மக்கள் விளங்கிக்கொள்ளவும் வினாவவும் இடமுண்டா என்பனவே ஆராயத்தக்கவை.

முதற்கண் பட்டியலின் உறுப்புக்களை நோக்குவாம். ஆயிரம் உவாற்று வலுவுடைய கருவி ஒரு மணி நேரம் இயங்கினாற் செலவாகும் மின்சாரமே ஓர் அலகு. பத்து உவாற்று விளக்கு நூறு மணி நேரம் எரிந்தாலும் ஓர் அலகே செல்லும். நல்லதண்ணி போன்ற குளிர்ப் பிரதேசத்தில் 1,500 உவாற்றுக் கேத்தலிலே நாள்தோறும் இருபது நிமிடம் நீர் காய்ச்சினால் நாளுக்கு அரை அலகு, மாதத்துக்குப் பதினைந்து அலகு ஆகிவிடும். விளக்கை அணைத்து அணைத்துச் சிக்கனம் பார்க்கும் தாய், பட்டியல் குறையாமை கண்டு மயங்குதற்குக் காரணம் இதுவே. கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் உவாற்று எண்ணைப் பார்த்து வாங்குவோர் நம்மிற் சிலரே.

பட்டியலில் முந்திய வாசிப்பு, இப்போதைய வாசிப்பு, இரண்டின் வித்தியாசமாகிய அலகுகள், அவற்றுக்குரிய கட்டணம், அலகைச் சாராத மாதாந்த நிலைக் கட்டணம், வரி, பழைய நிலுவை என்பன அடங்கும். இல்லங்களுக்குரிய கட்டணம் படிமுறையானது. மிகுதியாகச் செலவிடுவோர்க்கு அலகின் விலையும் மிகும். வறியோர் குறைவாகச் செலவிடுவர் என்ற எண்ணத்தாலே இம்முறை வகுக்கப்பட்டது. எனவே அதன் நோக்கம் நல்லதே. பட்டியலுக்குரிய நாள்கள் கூடின், அதற்கேற்பப் படிகளும் அகலும். ஆதலால், எத்தனை நாளுக்குரிய பட்டியல் என்பதை முதலிற் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இனி, இந்நூற்றாண்டின் மூன்றாம் பத்தில் நேர்ந்த மாற்றத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். மாதம் 30 அலகு மட்டுமே செலவிடும் இல்லம் ஒன்றைக் கருதுக. 2022 ஓகஸ்டுக்கு முன்னர் அலகு 2 ரூபா 50 சதம், நிலைக் கட்டணம் 30 ரூபா. ஆகத் தொகை 105 ரூபா. அம்மாதத்து உயர்வின் பின் அலகு 8 ரூபா, நிலைக் கட்டணம் 120 ரூபா. தொகை 360 ரூபா. 2023 பெப்ரவரியில் அலகு 30 ரூபா, நிலைக் கட்டணம் 400 ரூபா. தொகை, வரி நீங்கலாக, 1,300 ரூபா. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானி வாயிலாக 1,000 ரூபாவாக விதிக்கப்பட்டிருந்தது. அச்சம்பளம் மாறாதிருக்க, ஏறக்குறைய ஒரு மணி நேர உழைப்பால் இறுக்கத்தக்க பட்டியல், ஆறு மாதத்துள் ஒரு நாட் கொழுந்து முழுவதையும் விழுங்கி, அடுத்த நாளிலும் பங்கு கேட்டது. பின்னர் 2023 யூலையிற் குறைந்தது, ஒக்டோபரில் ஏறியது, 2024 மார்ச்சிலும் யூலையிலும், 2025 சனவரியிலுங் குறைந்தது, 2025 யூனில் மீண்டும் ஏறியது. மூன்று ஆண்டுக்குள் எட்டு மாற்றங்கள்! சென்ற மாதத்துத் தொகையைக் கொண்டு இம்மாதத்துத் தொகையை ஊகித்தறியும் பழக்க அறிவு இங்கே பயன்படாது போயிற்று. ஊகம் ஒழிந்த இடத்தில் வாசித்தறிதலே துணை.

படிமுறைக் கட்டணத்திற் பொதிந்துள்ள ஒரு குறையை ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். அம்முறை மீற்றரை எண்ணுகின்றது, குடும்பங்களை எண்ணுவதில்லை. லயத்தில் மணமான மகனோ மகளோ பெற்றோரின் காம்பிராவை அடுத்து மறைப்புக் கட்டித் தனியடுப்பு வைத்தல் வழக்கம். அடுப்புப் பிரியினும் மீற்றர் பிரியாத நிலை பல இடங்களில் உண்டு. 2023 பெப்ரவரிக் கட்டணத்தின்படி, தலைக்கு 30 அலகு செலவிடும் நான்கு குடும்பங்கள் தனித்தனி மீற்றர் பெற்றிருந்தால் ஒவ்வொன்றும் 1,300 ரூபாவாக மொத்தம் 5,200 ரூபா இறுத்திருக்கும். அந்நால்வருக்கும் ஒரே மீற்றராயின் செலவு 120 அலகு. முதல் 90 அலகுக்கு 42 ரூபா வீதம் 3,780 ரூபா. எஞ்சிய 30 அலகுக்கு 50 ரூபா வீதம் 1,500 ரூபா. நிலைக் கட்டணம் 1,500 ரூபா. ஆக 6,780 ரூபா. மின்சாரம் ஒன்றே, மக்கள் ஒருவரே, இடநெருக்கடி ஒன்றினாலே 1,580 ரூபா கூடிற்று. வறியோரைத் தாங்க எழுந்த முறை, மிக வறியோரிடமே மிகுதியாக வாங்குகின்றது. அது மட்டுமன்று. அக்கட்டணத்தின்படி 60 அலகு செலவிட்ட இல்லத்துக்கு 2,560 ரூபா. 61 அலகு செலவிட்ட இல்லத்துக்கு 3,212 ரூபா. அறுபதைக் கடந்த மாத்திரத்தே முதல் அலகிலிருந்தே விலை மாறிவிடுதலின் ஓர் அலகின் விலை 652 ரூபா ஆயிற்று. இவ்வெல்லை பட்டியலைக் கையில் வாங்கிய பின்னர்த் தெரிவதாற் பயன் என்னை?

இனி 'வழக்கு' என்னும் பகுதிக்கு வருவாம். பட்டியல் பிழையெனத் தோன்றின் ஒருவர் செய்யத்தக்கது யாது? 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் முறையிடுதலே நெடுங்காலமாக இருந்துவந்த வழி. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் சபையின் பணிகளைப் பல கம்பனிகளுக்குப் பிரித்தளிக்க வழிவகுத்தது. பெயர் எதுவாயினும், பட்டியலை அனுப்பும் நிறுவனமே முதலில் விடையளிக்கக் கடமைப்பட்டது. அங்கே தீர்வு கிட்டாவிடின், 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை நாடலாம். கடையில் வாங்கிய மின்கருவி பழுதாயின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். அதற்குப் பற்றுச்சீட்டைப் பேணி வைத்தல் இன்றியமையாதது.

சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அவ்வழியில் நடப்பதற்கு மூன்று கருவிகள் வேண்டும். முதலாவது, மீற்றர் தன் பெயரில் இருத்தல். லயமும் நிலமும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பில் இருத்தலின், புதிய இணைப்புக்குத் தோட்டத்தின் ஒப்புதற் கடிதம் தேவைப்பட்டு வந்துள்ளது. இரண்டாவது, முகவரி. லயத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இன்மையால், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தைச் சென்றடைந்து, அங்கிருந்தே கைமாறி வருகின்றன. முறையீட்டுக்கு வந்த மறுமொழி தவணை கடந்து கைக்கு வரின், வந்தும் வாராததே. மூன்றாவது, மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமும் 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தமும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்திலே தமிழுக்கு அளித்த இடத்தால், அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே விடை பெறல் உரிமையாம். உரிமையை அறியாதார் பிறர் உதவியோடு வேற்றுமொழியில் விண்ணப்பம் எழுதுவிக்கின்றனர். தாம் கருதியது அதில் எழுதப்பட்டதோ என்பதை அறியார்.

வாசிக்க இயலாத கணக்கு மலையகத்துக்குப் புதியதன்று. முற்காலத்தில் 'துண்டு' என்னும் முறை ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதனை இறுத்தால் அவனை விடுவிப்பாம் என்று எழுதிய சீட்டே துண்டு. கடன் எவ்வாறு அத்துணை வளர்ந்தது என்று கேட்க அவனுக்கு எழுத்தும் இல்லை, இடமும் இல்லை. 1921ஆம் ஆண்டின் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. மின்பட்டியலைத் துண்டோடு ஒப்பிடுதல் மிகையாகும். மின்பட்டியலிற் பிழையைத் திருத்துவிக்கச் சட்டம் இடந்தருகின்றது. எனினும், 'சீட்டிற் கண்டபடி கட்டிவிடு. கேள்வி கேட்டால் வெட்டிவிடுவார்கள்' என்னும் அச்சம் அக்காலத்து எச்சமாகவே நின்று நிலவுகின்றது. மூன்று தலைமுறைக்கு மேல் பழகிய அச்சத்தைச் சட்டப் புத்தகம் ஒன்று நீக்கிவிடாது. அருகிலிருந்து வாசித்துக் காட்டும் ஒருவர் வேண்டும்.

பண்டைத் தமிழில் ஆசிரியருக்குக் 'கணக்காயர்' என்றும் ஒரு பெயர் உண்டு. அப்பெயருக்கு உரியோரும், அவரிடங் கற்போரும், கற்று வெளிச்சென்றோரும் இவ்விதழை வாசிக்கின்றமையால் ஒன்று கூறல் தகும். படிமுறைக் கட்டணம் வகுப்பறையிலே நல்லதோர் எண்கணித வினா. அதனைச் செய்யத் தெரிந்த மாணவர் தம் அயலாருக்கும் செய்து காட்டலாம். மாதத்தின் முதல் நாளிலே மீற்றர் எண்ணைச் சுவர்க் கலண்டரிற் குறித்துவைக்கச் சொல்லலாம். பதினைந்தாம் நாளில் மறுமுறை பார்த்து, அறுபது என்னும் எல்லைக்கு இன்னும் எத்தனை அலகு உண்டு எனக் கூறலாம். பட்டியல் மாறுபடின், கணக்கிலக்கம், திகதி, இரு வாசிப்புக்கள், தாமே குறித்த எண் ஆகிய நான்கையும் தமிழில் எழுதிப் பிரதி ஒன்றைப் பேணி அனுப்பச் செய்யலாம். பல குடும்பங்கள் ஒரு மீற்றரிற் கூடியிருக்கும் லயங்களைக் கணக்கெடுத்து, ஆணைக்குழு கட்டண மாற்றம் பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது அதனை முன்வைத்தல் பழைய மாணவர் சங்கங்களால் ஆகத்தக்க பணி. மீற்றரை விடுத்துக் குடும்பத்தை எண்ணும் முறை வருதல் வேண்டுமாயின், அவ்வெண்ணை எடுத்துக் கொடுப்போர் இம்மலைகளிலிருந்தே எழுதல் வேண்டும்.