ஒருமுறை சொன்ன பதில் ஆண்டுக்கணக்கில் விற்கும்!

இரவு ஒன்பது மணிக்கு முகநூலைத் திறந்தால் நம் சகோதரிகள் பலர் நேரலையில் இருப்பார்கள். ஒருவர் சேலையை விரித்துக் காட்டுவார். இன்னொருவர் முறுக்கு டப்பாவைத் திறந்து காட்டுவார். "அக்கா, இது காட்டனா, சில்க்கா?", "துவைத்தால் சாயம் போகுமா?", "சிரம்பானுக்கு அனுப்புவீங்களா?" என்று கேள்விகள் குவியும். தொண்டை வறளப் பதில் சொல்வார்கள். மறுநாள் இரவும் அதே கேள்விகள்தான், அதே பதில்கள்தான்.

அந்த உழைப்பு எத்தனை நாள் நிற்கிறது? இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். முகநூல் நேரலையும் இப்போது நிரந்தரமில்லை. 2025 பிப்ரவரி 19 முதல், புதிய நேரலைகளை மெட்டா நிறுவனம் 30 நாள்தான் வைத்திருக்கிறது. அதற்குள் பதிவிறக்கம் செய்து கொள்ளாவிட்டால் போனது போனதுதான்.

வானொலியில் பேசுகிற எங்களுக்குச் சொன்ன சொல் காற்றோடு போவது பழகிப்போன விஷயம். கடை நடத்துகிறவருக்கு அப்படி ஆக வேண்டியதில்லை.

எது நிற்கும், எது போகும்?

"இந்த வாரம் மட்டும் 20 விழுக்காடு கழிவு" என்ற பதிவு தேவைதான். ஆனால், அந்த வாரம் முடிந்ததும் அதற்கு வேலையில்லை. "பட்டுச் சேலையை எப்படிப் பாதுகாப்பது?" என்ற பதிவு அப்படியல்ல. நம் நாட்டின் ஈரப்பதத்தில் இந்தக் கவலை எல்லா வீட்டிலும் உண்டு. பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள், அந்துருண்டை சரிகையில் படாமல் பாருங்கள் என்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். இந்த ஆண்டு தேடுபவருக்கும் அது உதவும், அடுத்த ஆண்டு தேடுபவருக்கும் உதவும். சொன்னவர் கடையும் அவர்கள் நினைவில் நிற்கும்.

தலைப்புக்கு எங்கே போவது?

உங்கள் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. கடந்த ஒரு மாத உரையாடல்களைத் திறந்து, வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று பேர் கேட்ட கேள்வி எதுவோ, அதுதான் முதல் தலைப்பு. கேட்டவர் மூன்று பேர் என்றால், கேட்காமலே வேறு கடைக்குப் போனவர்களும் இருப்பார்கள்.

இதை வைத்தே பிழைத்துக்கொண்ட ஒரு நிறுவனம் அமெரிக்காவில் உண்டு. வெர்ஜீனியா மாநிலத்தில் நீச்சல் குளம் அமைத்துத் தரும் சிறிய நிறுவனம் ரிவர் பூல்ஸ். 2008 நிதி நெருக்கடியில் அது மூடும் நிலைக்கு வந்தது. அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்குத் தம் நிறுவன இணையத்தளத்தில் ஒவ்வொன்றாகப் பதில் எழுதத் தொடங்கினார். எவ்வளவு செலவாகும், எதனால் விலை கூடும், ஃபைபர்கிளாஸ் குளத்தில் என்ன குறை என்று மற்றவர்கள் சொல்லத் தயங்கியதையும் எழுதினார். தேடி வந்தவர்கள் நம்பி வாங்கினார்கள். நிறுவனமும் மீண்டது.

"விலைக்கு பிஎம் பண்ணுங்க"

நம்மிடம் பெரிய தயக்கம் விலையில்தான். "பிஎம்" என்று எழுதினால் பேசி விற்றுவிடலாம் என்று நினைக்கிறோம். விலை தெரியாதவர் பேசாமலே நகர்ந்துவிடுகிறார். இணையத்தில் விற்பவர் முழு விலையையும் காட்ட வேண்டும் என்பது நம் நாட்டு மின்வணிக விதிமுறையும்கூட. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் நேராக விலையைப் போடுங்கள். அதோடு, ஒரு ரவிக்கைக்குத் தையல் கூலி ஏன் கூடுகிறது என்று ஒரு பதிவு செய்யுங்கள். உள்துணி, ஆரி வேலை, அவசரத் தேதி என்று பிரித்துச் சொன்னால் பேரம் பேசுகிறவரும் புரிந்துகொள்வார். ரிங்கிட் கணக்கு மாறும். காரணங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறா.

தேடுகிறவர் மொழியில் பெயர் வையுங்கள்

நாம் அச்சு முறுக்கு என்கிறோம். மலாய்க்காரர்கள் அதையே குவே ரோஸ் என்பார்கள், குவே லோயாங் என்பார்கள். ஆங்கிலத்தில் ஹனிகோம்ப் குக்கீஸ் என்று தேடுகிறவரும் உண்டு. தீபாவளிக்கு மட்டுமல்ல, நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் விற்கிற பலகாரம் இது. "நம்ம வீட்டு ஸ்பெஷல்" என்று தலைப்பிட்டால் யார் கண்ணிலும் படாது. எல்லாப் பெயர்களையும் தலைப்பிலும் விளக்கத்திலும் எழுதுங்கள். எண்ணெய்ச் சிக்கு வராமல் எத்தனை நாள் இருக்கும், டப்பாவை எப்படி மூட வேண்டும் என்பதையும் சேருங்கள்.

செய்யும்போது கவனிக்க

ஒரு காணொளிக்கு ஒரு கேள்வி போதும். வணக்கம், நலமா என்று நீட்டாமல் முதல் இரண்டு வாக்கியத்திலேயே பதிலைச் சொல்லுங்கள். "நேற்று", "இந்த வாரம்", "இந்தத் தீபாவளி" போன்ற சொற்களைத் தவிருங்கள். தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. தேதியைச் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தப் பதிவு பழசாகிவிடும்.

யூடியூப் போலத் தேடினால் கிடைக்கும் இடத்தில் போடுங்கள். காணொளியின் மூலக் கோப்பை உங்கள் கணினியிலும் ஒரு வன்தட்டிலும் வைத்திருங்கள். கணக்கு முடங்கினாலும் உழைப்பு மிஞ்சும். பதிவின் இணைப்பை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் விரைவுப் பதில்களில் சேமித்தால், யாராவது கேட்டதும் ஒரே தட்டில் அனுப்பிவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை, பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பு, எல்லாவற்றையும் பார்த்து விளக்கத்தில் மாறியதைத் திருத்துங்கள்.

இது நாளைக்கே கூட்டம் சேர்க்காது. முதல் சில மாதங்கள் பத்துப் பேர் பார்த்தாலே பெரிது. அதனால் நேரலையை நிறுத்த வேண்டாம். அதில் நன்றாகப் பேசிய ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டித் தனியாக வைத்தாலே முதல் பதிவு தயார்.

தனியாளாகத் தொழில் செய்கிறவருக்குப் பணத்தைவிடப் பற்றாக்குறை நேரம்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு பதில் தட்டச்சு செய்யும் அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தினால், அதில் இன்னொரு ரவிக்கை தைக்கலாம். அல்லது நிம்மதியாகத் தூங்கலாம்.