வீட்டிலிருந்து வேலை: நேரத்திற்கும் ஒரு பாஸ்புக்

வங்கக் கடலின் அடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சென்னையை அந்தமான் தலைநகரோடும், சிறிய அந்தமான், கார் நிக்கோபார் உள்ளிட்ட ஏனைய தீவுகளோடும் அது இணைத்தது. அதுவரை செயற்கைக்கோளையே பெரிதும் நம்பியிருந்த தீவுகளில், வீட்டிலிருந்தே சென்னை நிறுவனம் ஒன்றின் கணக்குகளை எழுதுவது இன்று இயல்வதாயிற்று. போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அழைத்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள நகரில் இவ்வாறு பணிபுரிவோருக்கும், அவர்களைப் பணியமர்த்தும் சிறு நிறுவனத்தாருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. உழைத்த நேரத்தை யார் குறிப்பது, எப்படிக் குறிப்பது?

தீவுகளில் இக்கேள்வி சற்றுக் கூர்மையானது. நாடு முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. கதிரவனோ இந்தியத் திட்ட நேரக் கோட்டைவிட அங்கு சுமார் 40 நிமிடம் முந்துகிறான். டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்கிறது. ஆகவே பலருக்கு விடியற்காலையில் பணியைத் தொடங்குவதே வசதி. ஆனால் சென்னை அலுவலகம் பத்து மணிக்குத்தான் விழிக்கும். அழைப்புகள் ஆறு மணி வரை நீளும். காலையில் உழைத்த இரண்டு மணி நேரம் எவர் ஏட்டிலும் ஏறாமல் போகக்கூடும்.

இத்தகைய வழக்கொன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் முன் வந்தது. ஸ்பெயினில் இயங்கிய ஒரு வங்கியின் மென்பொருள், முழு நாள் விடுப்பை மட்டுமே பதிவு செய்தது. அன்றாட வேலை நேரத்தைப் பதிவு செய்யவில்லை. தொழிற்சங்கம் தொடுத்த அவ்வழக்கில் 2019 மே 14 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. அன்றாட நேரத்தை அளக்காவிடில் மிகை நேரத்தையும் அறிய இயலாது. ஆகவே நடுநிலையான, நம்பகமான, எளிதில் அணுகத்தக்க பதிவுமுறை வேண்டும் என்பதே அதன் சாரம். நம் நாட்டிலும், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மிகை நேரத்திற்கு இரட்டிப்பு ஊதியம் வகுத்தது. வீட்டில் ஆலைச் சங்கு ஒலிப்பதில்லை. எனவே பதிவேடே சங்காக வேண்டும்.

வங்கியாளராகிய நமக்கு இம்மூன்று பண்புகளும் பழகியவையே. நம் பாஸ்புக் அவ்வாறானதன்றோ? பதிவு அன்றன்றே நிகழ்கிறது. இரு தரப்பும் ஒரே கணக்கைக் காண்கின்றன. பிழையிருப்பின் உடனே கேட்கலாம். நேரத்திற்கும் இதுவே போதும். தொடக்கம், இடைவேளை, முடிவு ஆகியவற்றை இருவரும் காணும் ஒரு தாளில் அன்றாடம் குறித்தல் நன்று. இணையமோ மின்சாரமோ தடைப்பட்டுக் காத்திருந்த நேரம் வேலையாகக் கொள்ளப்படுமா என்பதை முன்னரே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மென்பொருளில் நுழைந்த நேரத்தை மட்டும் நம்பினால், கம்பி அறுந்த நாளெல்லாம் விடுப்பாகிவிடும். மாத முடிவில், ஊதியம் கணக்கில் வரவாகுமுன், இருவரும் அத்தாளை ஒப்பிட்டுக் கையொப்பமிடலாம்.

ஊதியப் பட்டியல் சரியாயிருப்பதற்கு அடிப்படை, அதன் பின்னுள்ள நேரக் கணக்கு சரியாயிருப்பதே. பணத்தைப் போலவே நேரத்தையும் எழுதி வைப்போம். ஐயமும் மனக்கசப்பும் அகலும்.